மின்சாரம் போவதற்குள் ஒருவர்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கணினி இருந்ததாம். ஊர், ஹவானாவுக்குக் கிழக்கே சாந்தா கிளாரா. கல்லூரிக் கூடத்தில் என்னவோ ஆறு பெட்டிகள். ஐந்துக்கு உயிர் போய் வருஷமாகியிருந்தது.

மின்சாரமும் வரும், போகும். அன்றைக்கு மாலை ஆறு மணிக்குப் போகும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் சொன்ன நேரம் தவறவே தவறாது.

இரண்டாமாண்டுப் பிள்ளைகள் நடைவழி நெடுகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பழைய அறிக்கைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய நிரல், மடியில். ஒரே குவளைச் சர்க்கரைத் தண்ணீர், கை மாறிக் கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. பசிக்கு அதுதான். ஆனாலும் அந்த நாள்களில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

பெயர்களை வரிசையாகக் கோத்து வைக்க, தயாராகக் கிடைக்கிற லிஸ்ட்டைத் தொடக்கூடாது, சொந்தமாக ஒரு லிஸ்ட் கிளாஸ், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல், எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது பேராசிரியர் எவெலியோ கொடுத்திருந்த வேலை. சேர்க்க ஒரு வழி, நீக்க ஒரு வழி, காட்ட ஒரு வழி.

"ரொட்டிக்கடை வரிசையை நினைச்சுக்குங்க," என்று சொல்லியிருந்தார். "போனதும் 'கடைசி யாரு?'ன்னு கேக்கறோம். நமக்கு முன்னாடி யாருன்னு தெரிஞ்சா போதும், நிழல்ல போய் உக்காந்துக்கலாம். லிஸ்ட்டும் அவ்வளவுதான். நடுவுல ஒருத்தரை எடுக்கணுமா? பின்னாடி இருக்கறவரை முன்னாடி இருக்கறவரோட முடிச்சுப் போட்டுட்டு அப்புறம் அவரை விடுங்க. அவசரப்பட்டு முதல்லயே விட்டீங்க, வால் மொத்தமும் காணாமப் போயிடும்."

அன்றைக்குள் ஓட்டிக் காட்டாதவர்களுக்குச் செப்டம்பரில் மறுதேர்வு உண்டு. லாசரோவுக்கு மட்டும் கிடையாது. அவன் போன வருஷமே அதை எழுதித் தோற்றவன். இன்றைக்கு ஓடவில்லையென்றால் விடுதிக் கட்டிலைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான பராக்கோவாவுக்கு லாரி ஏற வேண்டியதுதான்.

அந்த லாசரோவைத்தான் மதியத்திலிருந்து காணோம்.

இபிஸ் தன் முறையை முடித்துக் கணினி அறையிலிருந்து வெளியே வந்தாள். மணி ஐந்தரை. ஆளுக்கு அரைமணி. இன்னும் ஒருவருக்குத்தான் நேரம்.

"அடுத்தது லாசரோ," என்றான் நடைவழியில் உட்கார்ந்திருந்த ஒஸ்னியெல். "யாராவது அவனைக் கூப்பிடுங்கப்பா."

"அவன் வரமாட்டான்." வரிசையில் லாசரோவுக்குப் பின்னால் இருந்த மயெலின் எழுந்தாள். "இபிஸுக்கு அப்புறம் நான்."

மயெலின்தான் அந்த வருஷத்தின் முதல் மாணவி. எழுதும்போது முழங்கையால் தாளை மறைத்துக்கொள்கிறவள். யாருக்கும் ஒரு வரி காட்டியதில்லை.

"பாத்தீங்களா," என்றான் ஒஸ்னியெல். "ஆளை நீக்கிட்டா. முடிச்செல்லாம்கூடக் கச்சிதமாப் போட்டுட்டா."

நடைவழி சிரித்தது.

"அஞ்சு நிமிஷம் பொறேன், மயெலின்," என்றாள் இபிஸ். "உனக்காவது செப்டம்பர் இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?"

"செப்டம்பர்ல எழுதினா ஹவானா வேலை கிடைக்காதே. முதல் தடவையே ஓட்டினவங்களுக்குத்தானே அது," என்றான் ஒஸ்னியெல். "மகாராணிக்கு அந்தக் கவலை."

"பேசி முடிச்சிட்டீங்களா? நேரம் போகுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் மயெலின்.

காற்றுக்காகக் கதவு திறந்தே இருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வழக்கமான வேகத்தில் தட்டவில்லை. தாளைக் கண்ணருகே கொண்டு போனாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தைத் தட்டினாள், அழித்தாள்.

"என்ன தாயி, உன் கையெழுத்து உனக்கே புரியலையா?"

"சும்மா இரு, ஒஸ்னியெல்," என்றாள் மயெலின், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மாதான் இருக்கேன். சும்மா இருக்கறவன் இடத்தை எடுக்கத்தான் ஆள் இருக்கே."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. இபிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு அடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது நிரல் ஓடியது. திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. நடுவில் ஒன்று மறைந்தது. மிச்சமெல்லாம் அறுபடாமல் நின்றன.

யாரும் கைதட்டவில்லை.

மேற்பார்வைக்கு உள்ளே இருந்த எவெலியோ குனிந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு. எதிர்பார்த்ததுதான்." பேனாவைத் திறந்து, "மயெலின்..." என்று எழுதப் போனார்.

"அந்தப் பேர் இல்ல, ப்ரோஃபே."

அவர் நிமிர்ந்தார்.

"லாசரோன்னு எழுதுங்க. அவன் எழுதினது. நான் ஒரு எழுத்துகூட மாத்தல." தாளை நீட்டினாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. "அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். இதை என் கையில திணிச்சிட்டு ஓடினான்."

"இதை வெளியிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"ஆளே இல்லாதவனுக்கு எந்த வரிசையில இடம் விடறாங்க, ப்ரோஃபே?"

எவெலியோ தாளைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு லாசரோவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடவும் திரை அணையவும் சரியாக இருந்தது.

"அப்போ உன்னோடது?" என்று அணைந்த திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பையில இருக்கு. செப்டம்பர் வரைக்கும் கெட்டா போயிடும்?"

அவள் வெளியே வந்தாள். நடைவழியில் நீட்டியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக மடங்கி வழிவிட்டன. ஒஸ்னியெல் எழுந்தே நின்றுவிட்டான். அவள் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.