சீனியம்மாவின் கிரைண்டர்

"தொடங்கிட்டாள்," என்றார் சவுந்தரநாயகம்.

தொடங்கியது பாட்டு அல்ல, கிரைண்டர்.

கொன்ஸ்ரன்ஸ் கிற்றாரைப் பிடித்தபடி நின்றாள். இவ்வளவு நேரமும் சினிமாப் பாட்டுத்தான் பாடினாள். அடுக்களையில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. தான் எழுதிய பாட்டில் முதல் வரியைத் தொட்டாள், பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கடகடவென்று மாவரைக்கத் தொடங்கிவிட்டாள் சீனியம்மா. போன மாதமும் இதே கூத்துத்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது சீனியம்மாவின் சாப்பாட்டுக் கடை. முன்னால் மேசைகள், நடுவில் அடுக்களை, பின்னால் ஓர் அறை. அந்த அறையில்தான் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் சவுந்தரநாயகம் பாட்டுக் கூட்டம் வைப்பார். கட்டிடம் அவருடையது. பக்கத்து லொட்ஜும் அவருடையதுதான். கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் அன்றிரவே தமிழர் தங்கும் வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸ் ஏறும். அவருடைய லொட்ஜில் மட்டும் ஏறாது. ராசிக்காரர் என்று சனம் பேசிக்கொள்ளும்.

கொன்ஸ்ரன்ஸுக்கு ஊர் கொட்டாஞ்சேனை. கிழமை நாளில் டைப்பிஸ்ட், சனி ஞாயிறில் பாட்டுக்காரி. கலியாண வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் கேட்டதைப் பாடிவிட்டு வருவாள். சொந்தப் பாட்டைப் பாட விட்ட இடம் இது ஒன்றுதான்.

அந்தப் பாட்டு அவளுடைய தம்பி சூசைதாசனைப் பற்றியது. ஒருகொடவத்தைக்கு வேலைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டவன் திரும்பி வரவில்லை.

அட்டையைக் காட்டினான் தம்பி,
ஆளைக் காட்டுங்கோ நீங்கள்.

இன்றைக்கு முன்வரிசையில் அம்மா ஐறீனும் இருந்தார். அயலுக்குக் கேட்டுவிடும் என்று வீட்டில் அந்தப் பாட்டைப் பாடவே விடாதவர். ஒருமுறையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று, வழி நெடுக அடையாள அட்டையை நீட்டி நீட்டி வந்து சேர்ந்திருக்கிறார்.

"எல்லாம் எரிச்சல், பிள்ளை," என்றார் சவுந்தரநாயகம். "தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குப் பாட்டு விளங்குமே? நீர் விடாதேயும். சத்தமாப் பாடும். முன்கடை வரைக்கும் கேக்கோணும்."

கொன்ஸ்ரன்ஸ் தொண்டை கிழியப் பாடினாள். கிரைண்டர்தான் வென்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"ஒண்டும் கேக்கேல்லையே, மகள்."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கிற்றாரைக் கதிரையில் வைத்தாள். நேரே அடுக்களைக்குள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். கல் முனகிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு என்னோட என்ன கோபம்? சினிமாப் பாட்டுக்குச் சும்மா இருக்கிறீங்க. என்ர பாட்டுக்கு மட்டும் அரைக்கிறீங்க. தோட்டத்துக் குணத்தைக் காட்டுறீங்க என்ன?"

சீனியம்மாவின் முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை.

"மெதுவா பேசுங்க, தங்கச்சி."

அப்போதுதான் கொன்ஸ்ரன்ஸ் கிரைண்டருக்குள் பார்த்தாள். ஒரு மணி அரிசி இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கிடந்தது.

"மா எங்க?"

"மாவு காலையிலேயே அரைச்சாச்சு."

சீனியம்மா கடைப்பக்கத் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, நாடியால் காட்டினாள். மூலை மேசையில் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர். முன்னால் இருந்த பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. குடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தலையைச் சரித்துக் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"நீங்க பாடுற அன்னைக்கு மட்டுந்தான் வருவாரு. பொலிஸ்காரரு. தமிழ் நம்மளவிட நல்லா வரும். மொத தடவ ஒங்க பாட்டுல ரெண்டு வரி கேட்டுட்டு, யாரு பாடுறதுன்னாரு. ரேடியோன்னு சொல்லிட்டேன். மாசாமாசம் ரேடியோன்னு சொல்ல முடியுங்களா?"

கொன்ஸ்ரன்ஸ் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"ஏன்க்கா எனக்கு முதல்லயே சொல்லேல்ல?"

"தோட்டக்காரி சொன்னா நம்பியிருப்பீங்களா?"

வெட்கத்தில் அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சவுந்தரநாயகம் ஐயாட்ட இப்பவே சொல்லோணும். அவருக்குத் தெரியாது."

சீனியம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அந்த மேசைய அவருக்குன்னு ஒதுக்கி வைக்கச் சொன்னதே ஐயாதான். ஐயா லொட்ஜுல மட்டும் ஏன் பொலிஸ் ஏறுறதில்லன்னு நினைக்கிறீங்க? கடை இருக்கிற கட்டடமும் அவரோடது. நான் வேற என்னத்தச் செய்ய? போயிப் பாடுங்க தங்கச்சி. பாடாமப் போனா ஐயாவுக்குச் சந்தேகம் வந்துரும்."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சவுந்தரநாயகத்தின் குரல் கேட்டது.

"பிள்ளை, சத்தம் நிண்டுட்டுது. வந்து பாடும். ஒண்டுக்கும் பயப்படாதேயும். இஞ்ச இருக்கிறதெல்லாம் எங்கட ஆக்கள்."

முன்வரிசையில் அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

கொன்ஸ்ரன்ஸ் பிளக்கை எடுத்து, தன் கையாலேயே திரும்பவும் செருகினாள்.