வெளியே நிற்கிற ஆள்

"உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா மிஸ்? ஒவ்வொரு மாசமும் நிக்க வச்சே கொல்றாங்க!"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகப் பொரிந்து தள்ளினாள் புஷ்பவதி.

ஆஸ்பத்திரியின் முறைப்பாட்டுப் பிரிவில் றிஸ்லா வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மனநல கிளினிக்கைப் பற்றி அவளிடம் வந்த முதல் முறைப்பாடு இது.

"இரிங்க அக்கா. மெதுவா சொல்லுங்க."

"இரத்தோட்டைக்கு மேல தேயிலைத் தோட்டம் மிஸ் எங்களுக்கு. முதல் பஸ்ஸப் புடிச்சு வந்தா, நோயாளிக்கு மட்டும் கதிரை. கூட வந்த ஆளுக்குச் சாஞ்சுக்க சுவரு!"

றிஸ்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, புஷ்பவதியின் கணவர் யோகேந்திரன் நீள மர வாங்கில் சரிந்து கிடந்தார். பல நாள் தாடி. சட்டைப் பொத்தான்கள் இடம் மாறிப் பூட்டியிருந்தன. வாய் பிளந்த உறக்கம். பாவம் என்றிருந்தது அவளுக்கு.

"டாக்டர் நோயாளிய மட்டும் உள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்திக்கிறாரு. வீட்டுல நடக்கிறதெல்லாம் தெரிஞ்ச ஆளு வெளிய! உள்ள போன நோயாளி 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்ல, டாக்டரும் தலைய ஆட்ட, ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

"வெளிய நிக்கிறவங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"தெரியும் மிஸ்." முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்த புஷ்பவதியின் முகம் சட்டென்று மாறியது.

"போன மாசம் குளிசைய மாத்துனாங்க. குடுக்கிற ஆளுகிட்ட யாருமே சொல்லல. பழசும் புதுசும் சேந்து உள்ள போயி, ரெண்டு நாள் எழும்ப முடியல. பயந்துபோயி ஓட்டோ புடிச்சு வந்தா, 'இப்பிடியா பாத்துக்கிறது?'ன்னு நர்ஸ் அத்தனை பேருக்கு முன்னாடியும் ஏசுறாங்க. பாத்துக்கிறவங்களுக்கும் மனசு இருக்குல்ல மிஸ்?"

றிஸ்லாவின் பேனா நின்றது. நோயில் கிடந்த வாப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் உம்மா வாங்கிய ஏச்சுகள் காதில் கேட்டன.

"எவ்வளவு காலமா அக்கா அவரு இப்பிடி?"

"கல்யாணம் கட்டுன நாள்ல இருந்தே இப்பிடித்தான். யாரு என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு வார்த்தை வராது."

"கவலைப்படாதீங்க. மருந்து மாத்துனா கூட வாறவங்களுக்கும் விளங்கப்படுத்தணும்னு பெரிய டாக்டர்கிட்ட நானே பேசுறேன். ஏசுனதுக்கு மன்னிப்பும் கேக்க வைக்கிறேன்."

"அதையும் எல்லாருக்கும் முன்னாடியே கேக்கணும் மிஸ்."

"கட்டாயம். எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிட்டுத் திரியிறீங்க அக்கா!"

"பாரம்தான் மிஸ்," என்று கண்ணாடிப் பக்கம் பார்த்தாள் புஷ்பவதி.

றிஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவரையும் உள்ள கூட்டிட்டு வாறேன். என்னப் பாத்துப் பயப்பட மாட்டாரே?" சின்னப் பிள்ளையிடம் பேசும் குரலைத் தயார்படுத்திக்கொண்டு கதவில் கை வைத்தாள்.

புஷ்பவதி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, எழுப்பிறாதீங்க மிஸ்! என்னப் பாத்துக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த மனுசன், இப்பதான் அசந்திருக்காரு. சீக்கு எனக்கு மிஸ்; ஏச்சு வாங்குறதுதான் அவரு!"