ஒரு பிடி ஓட்ஸ்

ஓட்ஸைப் பாலில் கொட்டும் முன் செல்லபாயின் கை ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொண்டது.

புறவாசலில் நின்ற சிவகாமியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுக்களைக்குள் செல்லபாய்க்கு இடமில்லை. பின்முற்றத்தில் கல் கூட்டித்தான் அடுப்பு. மிஷன் பங்களாக் குசினியில் சமையல் பார்த்தவள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதால், கிழக்கேகோட்டையில் இந்த வெள்ளாள வீட்டின் பின்கதவு மட்டும் அவளுக்குத் திறந்தது.

உள்ளறையில் நோயாய்க் கிடந்த சிவகாமியம்மாளின் கணவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. வாயில் வைத்தால் துப்பினார். ஓட்ஸும் பழமும் சேர்த்து மெத்தென்று வேகவைத்துக் காலையில் நாலு வாய் உள்ளே போனால் ஆள் தேறலாம், போகாவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் டாக்டர். செல்லபாயின் கைச்சோறு இந்த வீட்டில் ஆகாது. அதனால் இதற்கு மருந்து என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

“ஏட்டி, மடியில என்னத்தைக் கெட்டுதே?”

“பிடியரிசிம்மா.”

“இது அரிசியாட்டி?”

செல்லபாய் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். தான் செய்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உடம்பு கூசிப்போயிற்று.

“சத்தியமாட்டு களவில்லம்மா. எங்க வீட்டில உலையில இடுததுக்கு முன்ன ஒரு பிடி சபைக்கு எடுத்து வைப்போம். கை பழகிப்போச்சு. யாரு வீட்டுச் சாமானுன்னு கைக்குத் தெரியல்ல.”

மடியை அவிழ்த்து டின்னுக்குள் உதறினாள். சேலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் சுரண்டிப் போட்டாள்.

சிவகாமியம்மாள் ஏசவில்லை. உள்ளே போகவும் இல்லை.

செல்லபாய் வேலையைப் பார்த்தாள். உருளியில் நெய் தடவி, பாலில் ஊறிய ஓட்ஸைப் பரத்தி, ஏத்தன் வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக நறுக்கி மேலே அடுக்கினாள். மூடியைப் போட்டு அதன் தலையிலும் கனலை வாரி வைத்தாள். மேலேயும் தீ, கீழேயும் தீ. இடையில் கிடப்பது கரியாமல் வேக வேண்டும்.

பழம் இளகி மணம் கிளம்பிற்று.

“அந்தப் பிடியை வச்சு அங்க என்ன செய்வாவ?”

“இல்லாதவங்களுக்குக் குடுப்பாவம்மா. தந்த வீட்டில சொகமில்லாத தீனக்காரர் உண்டும்னா, பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாவ.”

சிவகாமியம்மாள் முற்றத்தில் இறங்கினாள். டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். செல்லபாய் முந்தானையை விரித்துப் பிடிக்க, மேல் படாமல் உயரத்திலிருந்து அதைப் போட்டாள்.

“ஐயாக்க பேரு என்னம்மா?”

சிவகாமியம்மாள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் அந்தப் பெயர் அவள் நாக்கில் ஏறியதில்லை.

“சுசீந்திரத்துச் சாமிக்க பேரு.”

“எனக்கு அந்தச் சாமியைத் தெரியாதேம்மா.”

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அண்டைவீட்டில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். வேதக்காரர் கோயிலில் ஜெபத்துக்கு என்று தெரிந்தால் தெருவே வாசலில் கூடிவிடும்.

மூடியின் மேல் கனல் சாம்பல் பூத்தது. இனி இறக்காவிட்டால் அடி பிடித்துவிடும். செல்லபாய் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மாளின் முகத்தையே பார்த்து நின்றாள்.

சிவகாமியம்மாள் தாலியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

“கேக்கல்லம்மா.”

“தாணுமாலயன்!”

பயத்தில் குரல் கட்டு மீறிப் பெரிதாகவே வந்துவிட்டது.

 பிறகு உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. கஞ்சிக்குத் திறக்காத வாய் திறந்தது.

“ஓ… யாரு வந்திருக்கது?”