இந்தியாவில் ஓர் அம்மா குறைகிறாள்

"சனிக்கிழமை காலைல மட்டும் லீவு குடுங்க சார். ஒரு மணிக்கெல்லாம் வந்து சீட்ல உக்காந்துடுவேன். ஏன்னா வீட்டுல..."

"காரணமெல்லாம் வேண்டாம் வனஜா. நாள் முழுக்க நான் அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்" என்றான் ஸ்ரீவத்சன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் இருந்த அந்த சர்வே கம்பெனியின் தமிழ்ப் பிரிவுக்கு அவன் டீம் லீடராகி ஐந்து மாதம் ஆகிறது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாத பெற்றோர் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று நாடு நாடாகக் கேட்டு எழுத வேண்டும். கேட்பது வனஜாவின் வேலை. எழுதியதைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பான். அப்படியும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற சந்தேகத்துடனேயே வீட்டுக்குப் போவான்.

"ரெண்டு இன்டர்வியூ பாக்கி. கனடா ஒண்ணு, இந்தியா ஒண்ணு. ஆறு மணிக்குள்ள ரெண்டையும் முடிச்சிட்டீங்கன்னா சனிக்கிழமை காலை உங்களோடது."

"நிஜமாவா சார்?"

"மெயில்லயே போட்டுடறேன். போதுமா?"

மணி ஐந்து. டொராண்டோவில் அப்போதுதான் விடிந்திருக்கும். வனஜா எண்ணை அழுத்தினாள். ஸ்ரீவத்சன் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அழைப்பில் சேர்ந்துகொண்டான்.

"நாங்கள் பிள்ளைக்கு ஊசி ஒண்டும் போடேல்லை தங்கச்சி" என்றார் மறுமுனையில் ஓர் அப்பா. "எல்லாம் இயற்கையா இருக்கட்டும் எண்டு விட்டிட்டம்."

"தட்டம்மை வந்துட்டா என்ன செய்வீங்க அண்ணே?"

"உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவம். இஞ்ச பெரிய பெரிய மெஷினெல்லாம் கிடக்குதுதானே."

நன்றி சொல்லி வைத்ததும் ஸ்ரீவத்சன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

"ஊசின்னா செயற்கை, மெஷின்னா இயற்கை. பாரிஸ் அம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

"காய்கறியெல்லாம் ஆர்கானிக்கா வாங்கறாங்களாம். அதனால கிருமி வராதாம்."

"மலேசியால, க்ளாங்ல ஒருத்தர் நல்ல நாளுக்காக வெயிட் பண்றார். குழந்தைக்கு நாலு வயசாச்சு, அவருக்கு இன்னும் நாள் அமையலை. சென்னைக்காரர்தான் டாப். 'எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஊர்ல எல்லாரும் போட்டு ஒரு வருஷம் பாத்தப்புறம்தான் நான் போடுவேன்'ங்கறார். அந்த ஊசி அவர் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதை விடுங்க. இந்தியாவுல ஒரே ஒரு கட்டம்தான் காலி. 'அலட்சியம்'னு ஒரு கட்டம். அதுக்கு ஒரு அம்மா வேணும்."

"அலட்சியம்னு எப்படி சார் முடிவு பண்றது?"

"பயமும் இருக்காது, மூடநம்பிக்கையும் இருக்காது. நல்லாப் படிச்சிருப்பாங்க. தேதி தாண்டியிருக்கும், ஊசி மட்டும் போட்டிருக்க மாட்டாங்க. அலட்சியம்னு சொல்லாம வேற என்ன சொல்றது? பெத்துட்டா மட்டும் போதுமா?"

வனஜா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே மெட்ரோ ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா சார். புனேலதான்."

"நிஜ ஆள்தானே? கதை கட்டி நிரப்பினா ஆடிட்ல மாட்டிப்போம்."

"நிஜ ஆள்தான்."

"இப்ப பேசுவாங்களா?"

"எனக்காகப் பேசுவா."

அவள் மூலையில் இருந்த சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடத்தில் படிவம் ஸ்ரீவத்சனின் திரைக்கு வந்தது. வனஜாவும் வந்து அவன் மேஜை ஓரமாக நின்றாள். வழக்கம்போல அவன் வரிவரியாக வாய்விட்டுப் படித்தான்.

"தாய். எம்.எஸ்ஸி. வேலைக்குப் போறவங்க. பொண்ணுக்குப் பதிமூணு மாசம். ஒன்பதாம் மாசம் போட வேண்டிய தட்டம்மை ஊசி இன்னும் போடலை. பாத்தீங்களா, நாலு மாசம். ஊசின்னா பயமா? இல்லை. மத நம்பிக்கை? இல்லை. வீட்டுல எதிர்ப்பு? இல்லை. கணவர் ராணுவத்துல இருக்கார், இப்ப வடக்கே எல்லையில. நான் சொன்னேன்ல, அப்பட்டமான அலட்சியம்."

"அடுத்த வரியையும் படிங்க சார்."

"காரணம். குழந்தைகளுக்கு ஊசி போடற நாள்ல ஆபீஸ்ல லீவு தரலை. ஒன்பது தடவை கேட்டாச்சு."

ஸ்ரீவத்சன் அந்த வரியை மறுபடியும் படித்தான். 'அலட்சியம்' என்ற கட்டத்தில் போட்டிருந்த குறியை எடுத்தான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"இது அந்த அம்மாவோட தப்பே இல்லையே. ஒன்பது தடவையா? பச்சைக் குழந்தைக்கு ஊசி போடணும்னு கேட்டும் ஒருத்தன் லீவு தரலைன்னா அவன் என்ன மனுஷன்?"

"எதுக்கு லீவுன்னு அவர் கேக்கவே இல்லையாம் சார்."

"கேக்காதது அதைவிட மோசம். டொராண்டோக்காரரே தேவலை, பிள்ளையத் தூக்கிட்டு ஓடவாவது ஓடுவார். வேலை வாங்கத் தெரியுது, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா? நம்ம ரிப்போர்ட்டுல இதுதான் முதல் பக்கம். அந்த ஆளோட பேரையும் போடுங்க வனஜா. முழுப் பேரா போடுங்க. நாலு நாட்டுல படிக்கட்டும்."

வனஜா அவன் பக்கமிருந்த கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போட்டுடறேன். உங்க இனிஷியல் என்ன சார்?"