ஐஸ் போட்ட டம்ளர்

டம்ளரை வாயருகே கொண்டுபோன ஆதிமூலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

போன மாசம் இதே பெரிய மார்க்கெட் வாசலில், இதே மணியம்மாளின் சர்பத் கடையில்தான் மானம் போனது.

அவரும் ஒண்டி, அவளும் ஒண்டி. ஒன்று கேட்டுவிடலாம் என்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் மடக்கு ஐஸ் சர்பத் பல்லில் பட்டதும் மண்டை வரைக்கும் சுரீரென்று இழுத்தது. முகம் கோணிக்கொண்டது.

"புடிக்கலன்னா துப்பிட்டுப் போய்யா!" என்றாள்.

கேட்க வந்ததைக் கேட்காமலேயே எழுந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் பல் டாக்டரம்மா முன்னால்தான் நின்றார்.

ஐம்பது வருஷம் செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்ததில் பல்லின் மேல்பூச்சு கரைந்துவிட்டதாம். போனது திரும்ப முளைக்காது, மிச்சத்தைக் கெட்டிப்படுத்தலாம் என்று ஒரு க்ரீமைக் கொடுத்தாள். தடவினால் அரைமணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

ஆதிமூலம் நம்பவில்லை. மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்குத் தெரியாதா? சிமெண்டு பூசினால் சுவர் நிற்கும். பசையைப் பூசினால் பல் நிற்குமா?

நம்பாமலேயே இருபத்தெட்டு நாள் தடவினார். தினமும் காலையில் வாயை இறுக்கிக்கொண்டு கடற்கரையில் நடந்தார். குசலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். கிழவனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

இப்போது குடித்தார்.

ஒரு மடக்கு. ஒன்றுமில்லை.

இன்னொரு மடக்கு. ஒன்றுமே இல்லை!

மூன்றாவதை வேண்டுமென்றே கடைவாயில் ஒதுக்கி, நாலு பக்கமும் சுழற்றி விழுங்கினார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அறுபத்தாறு வயசு மனுஷன் பெஞ்சிலிருந்து எழுந்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினார். பூக்கூடையோடு வந்தவள் பதறி ஒதுங்கினாள்.

அந்த வேகத்திலேயே வாயும் திறந்துகொண்டது.

"மணி, என்னக் கட்டிக்கிறியா?"

மணியம்மாள் டம்ளரை வாங்கிக் கழுவினாள். மெதுவாகத் துடைத்தாள். உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"அதுல ஐஸே போடலய்யா."

ஆதிமூலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு நீ கன்னத்த புடிச்சிக்கினு போனத பாத்தேன். பல்லுன்னு அப்புறந்தான் புரிஞ்சுது. அன்னிலேர்ந்து ஒனக்குன்னு தெனம் ஒரு டம்ளர் மண்பானைத் தண்ணியில கலக்கி வக்கிறேன். இன்னிக்குத்தான் வர்ற."

ஐஸ் பெட்டியைத் திறந்தாள். டம்ளரில் பாதிக்கு ஐஸ் அள்ளிப்போட்டு, சர்பத்தை ஊற்றி நீட்டினாள்.

"இத குடிச்சிட்டு மறுபடி கேளு."

ஆதிமூலம் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.