அண்ணன் இடத்தில்

அத்தாயியின் கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை. செத்துப்போன அண்ணன் ராசு, தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தங்கையான இவளுக்கு எழுதி வைத்திருக்கிறான். காரவள்ளியிலிருந்து நடந்தே மலையேறி வந்த வக்கீல் குமாஸ்தா பலாமரத்தடியில் உட்கார்ந்து, சேலம் கோர்ட்டுக்கான சொத்துப் பட்டியலை எழுதுகிறார். மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடியிலிருந்து பனி சொட்டுகிறது. "கோர்ட்டு உத்தரவு வந்து, பங்கு பிரிச்சுக் குடுக்கற வரைக்கும் உங்க அண்ணன் இடத்துல நீங்கதானுங்க." "நானுங்களா?" என்று அவள் கேட்டு வாய் மூடுவதற்குள் பொத்தென்று ஒரு பழம் விழுந்து பிளக்கிறது. மணம் காடெல்லாம் பரவுகிறது. கைகட்டி நிற்கும் அண்ணன் மகன்கள் இருவரும், மீசை வைத்த ஆண்கள், அசையவில்லை. ராசுவைக் கேட்காமல் இந்த மரத்தில் ஒரு சுளையைக்கூட யாரும் தொட்டதில்லை. "அத்தே, எடுத்துக்கலாங்களா?" என்கிறான் மூத்தவன் செல்லமுத்து. அண்ணன் என்ன சொல்வானோ என்று அத்தாயி பழக்கத்தில் வீட்டுப் பக்கம் திரும்புகிறாள். வாசலில் அவனுடைய கம்பளி மட்டும் தொங்குகிறது. குமாஸ்தாவின் பேனாகூட அவளுக்காகக் காத்து நிற்கிறது. "எடுங்க சாமி," என்று ஒரு குரல் கேட்கிறது. அது தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியச் சற்று நேரம் ஆகிறது.