மீதி ஒன்பது பேர்

"மறதி என்னும் மகா எதிரியை மனிதகுலம் மண்டியிட வைத்த நாள் என்று இந்த நாளை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கும்."

விழாத் தலைவர் இப்படி அறிவித்த அதே நொடியில், எதிரியை மண்டியிட வைத்த நரம்பியல் பேராசிரியர் தன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் காணவில்லை. மேடை ஓரம் நின்ற அட்டெண்டர் தன் பையிலிருந்து அதை எடுத்து, துடைத்து, நீட்டினார். பதினான்கு வருடப் பழக்கம்.

மூன்றாவது வரிசையில் அட்டெண்டரின் மனைவி இருந்தாள். அட்டெண்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். இன்றைக்கு மேடையில் தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார்கள் என்று சத்தியம் பண்ணாத குறையாக அவளைக் கிளப்பிக் கூட்டி வந்திருந்தார்.

பேராசிரியர் தன் சாதனையை விளக்கினார். ஞாபகம் மங்கிய நூறு பேர். குடை, சாவி, குதிரை, ஜன்னல், மேகம் என்று ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒருவருக்கும் இரண்டைத் தாண்டவில்லை. பிறகு அவரே உருவாக்கிய மூளைப் பயிற்சி, ஆறு மாதம், கம்ப்யூட்டர் முன்னால். மறுபடி அதே சோதனை, அதே ஐந்து சொற்கள். இந்தத் தடவை சொற்களை மாற்றலாமே என்று கேட்ட ஜூனியர் டாக்டரை, "தராசை மாத்திட்டு எடை பாக்கச் சொல்றியாம்மா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்த கதையையும் சொன்னார். சபை ரசித்துச் சிரித்தது.

தொண்ணூற்றொரு பேர் ஐந்தையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அட்டெண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முதல் சோதனையில் தோற்று, வெளியே பெஞ்சில் குழந்தை மாதிரி அழுதவர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

"மீதி ஒன்பது பேர் மட்டும் ஏன் தேறல?" பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அறிவியலுக்கே அது புதிர். அதை ஆராயறதுக்குன்னே தனிக் கட்டடம் வருது. நாளையிலேர்ந்து நாப்பது ஆஸ்பத்திரியில நம்ம பயிற்சி ஆரம்பம்."

அடுத்து நன்றி. மருத்துவமனை இயக்குநருக்கு, வெளிநாட்டு விருந்தினர்களுக்கு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவருக்கு, மைக் கட்டியவருக்கு. பட்டியல் முடிந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு தலை குனிந்தது. அட்டெண்டர் தன் கையிலிருந்த தண்ணீர்க் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடடா, முக்கியமான ஆளை மறந்துட்டேனே." மறதியை வென்றவர் திரும்பி வந்து, அட்டெண்டரின் தோளில் கைபோட்டு மைக் முன்னால் நிறுத்தினார். "இவர் இல்லாம இந்த ஆராய்ச்சியே இல்ல. ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே."

அட்டெண்டர் சபையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா பெரிய மனசுக்காரர். நான் பெரிசா ஒண்ணும் செய்யலீங்க. அவங்க அழுதுட்டுப் போறதைப் பாக்கச் சகிக்கல. அதனால ரெண்டாவது சோதனைக்கு வந்தவங்களை வெளிய பெஞ்சிலயே உக்கார வெச்சு, அந்த அஞ்சு வார்த்தையையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தேன். அப்பவும் மனசுல நிக்காதவங்களுக்கு உள்ளங்கையில எழுதிவிட்டுத்தான் உள்ள அனுப்பினேன்."

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மண்டபத்தில் வேறு யாரும் அசையவில்லை.

"அந்த ஒம்பது பேர் வந்தப்ப நான் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தேங்க."